இலங்கையின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை

இலங்கையில் பத்து வயதுப் பிள்ளைகள் எழுதும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, இலவசக் கல்வி இயக்கத்தோடு பிறந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நல்ல ஆங்கிலப் பாடசாலைகள் நகரங்களில்தான் இருந்தன. அவற்றில் படிக்கக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது தமிழ் அல்லது சிங்களப் பாடசாலை மட்டுமே. இந்த இடைவெளியைக் குறைக்க முனைந்தவர், 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவருடைய முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகளும் எழுந்தன.

இப்பாடசாலைகளில் விடுதி, ஆய்வுகூடம், விளையாட்டுத் திடல் எல்லாம் இருந்தன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடக்கூடிய வறிய பிள்ளைகளில் திறமையானவர்களைப் பரீட்சை வைத்துத் தெரிந்து, உணவும் உறைவிடமும் கொடுத்துப் படிப்பிப்பதே திட்டம். மட்டக்களப்பு மாவட்டத்தில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் இப்படி உருவானது. நாடகத்துறைப் பேராசிரியர் சி. மௌனகுரு அங்கு படித்தவர். பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகம் அந்த வளாகத்திலேயே அமைந்தது.

காலப்போக்கில் பரீட்சைக்கு இரண்டாவது நோக்கம் ஒன்று சேர்ந்தது. வறிய மாணவருக்கு மாதாந்த உதவிப்பணம் வழங்குவதோடு, பெயர்பெற்ற பாடசாலைகளின் ஆறாம் தரத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவதற்கும் இதே புள்ளிகள் பயன்பட்டன. 1980களில் தேசியப் பாடசாலைகள் என்ற தனிவகை உருவானபின் அந்த இடங்களுக்கான போட்டி மேலும் கடுமையாகியது. கொழும்பு றோயல் கல்லூரி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை போன்றவற்றில் இடம் கிடைப்பதைப் பெற்றோர் பெரும் பேறாகக் கருதினர். உதவிப்பணம் தேவைப்படாத வீடுகளும் பரீட்சைக்குத் தயாராகத் தொடங்கின.

இன்றைய பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள். பகுதி 1 நுண்ணறிவைச் சோதிப்பது: ஒரு மணி நேரம், 40 வினாக்கள். 2, 5, 11, 23 என்ற தொடரில் அடுத்து வருவது எது என்பது போன்ற வினாக்கள் அதில் இருக்கும். ஒவ்வோர் எண்ணையும் இரட்டித்து ஒன்று கூட்டினால் 47 வரும். இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளையும் உண்டு. அந்த வகையை நூறு முறை செய்து பழகியதால் பார்த்த உடனே எழுதும் பிள்ளையும் உண்டு. பகுதி 2இல் தாய்மொழி, கணிதம், சுற்றாடல் முதலியவற்றிலிருந்து 60 வினாக்கள் வரும். நேரம் ஒன்றேகால் மணி.

பழக்கத்தால் புள்ளி கூடும் என்பது தெரிந்ததும் ரியூசன் பெருகியது. மூன்றாம், நான்காம் தரங்களிலேயே வகுப்புகள் தொடங்கின. கடந்தகால வினாத்தாள்களும் மாதிரி வினாத்தாள்களும் கட்டுக்கட்டாக விற்பனையாகின. மாலையும் வார இறுதியும் விளையாட்டுக்குரியவை என்ற நிலை பல வீடுகளில் மறைந்தது. பெறுபேறு வந்ததும், தெரிவுக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் பதாகைகளில் ஏறின; தாண்டாத பிள்ளை பத்து வயதிலேயே தோல்வியைச் சுமக்க நேர்ந்தது. ஆண்டுதோறும் எழுதுவோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களில் பெரும்பான்மையோர் வெட்டுப்புள்ளியை எட்டுவதில்லை.

இந்த அழுத்தத்தைத் தணிக்க, பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே மேலதிக வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்கிறது. போட்டியின் கடுமை 2024இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்கும்படி டிசெம்பர் 31இல் தீர்ப்பானது.

மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளி தனித்தனியாகத் தீர்மானிக்கப்படுவதால், பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கிடைக்கும் வழி இன்றும் திறந்திருக்கிறது. ஆனால் பணம் கொடுத்துப் பயிற்சி பெறும் பிள்ளையோடு, பயிற்சிக்கு வசதியில்லாத பிள்ளை ஒரே வினாத்தாளில் மோதவேண்டியிருப்பது அந்தப் பரீட்சையின் தொடக்க நோக்கத்துக்கே முரணானது. வினாத்தாளைத் திருத்துவதால் மட்டும் இது மாறாது. ஊர்ப் பாடசாலையிலும் நல்ல ஆசிரியரும் ஆய்வுகூடமும் நூலகமும் இருந்தால், ஆறாம் தரத்துக்காக ஊரை விட்டுப் போகவேண்டிய தேவை குறையும்; பத்து வயதுப் பிள்ளை மீது ஏற்றப்பட்ட சுமையும் அப்போதுதான் இறங்கும்.