மலைக்கு எத்தனை சிசி?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். அதற்குள் 1,700 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். காட்ரோடு தாண்டி மலை பிடித்துவிட்டால் வளைவுக்கு வளைவு இரண்டும் மூன்றுமாகக் கியர் மாற்றுவதுதான் வேலை. அட்வென்ச்சர் பைக் பெரிதாக வாங்குவதா, நடுத்தரமாக வாங்குவதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களை இந்த ரோட்டில்தான் கொண்டுவந்து விட வேண்டும். நடுத்தர வண்டி பிறந்ததே இப்படியான மலை ரோடுகளை நினைத்துத்தான்.

குடும்பத்தில் மூத்தது பெரிய வண்டி. 1980-ல் பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் வந்தது. 797 சிசி, 50 குதிரைசக்தி. மறு வருஷமே பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில் உபேர் ஒரியோல் அதில் ஜெயித்துக் காட்டினார். அதன்பின் அந்த வம்சம் ஊதிக்கொண்டே போனது. இன்றைய ஆர் 1300 ஜிஎஸ் 145 குதிரைசக்தி, 237 கிலோ.

2004-ல் நடிகர் யூவன் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு பிஎம்டபிள்யூ 1150-ல் கிளம்பினார்கள். மங்கோலியாவில் அவர்களுடைய ஒளிப்பதிவாளரின் வண்டிச் சட்டமே முறிந்துபோனது. பதிலுக்கு அவருக்கு வாய்த்தது ஈஷ் பிளானெட்டா என்ற மலிவான ரஷ்ய வண்டி. சேற்றில் பெரிய வண்டிகள் படுத்துப் படுத்து எழ, இந்த ஒல்லிப் பயல் போய்க்கொண்டே இருந்தான்.

அந்தப் பாடம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. திருவொற்றியூரில் செய்த புல்லட்டை லடாக் வரை ஓட்டிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். முதுகு மட்டும் ஒத்துழைக்கவில்லை. ராயல் என்ஃபீல்டு 2016-ல் ஹிமாலயனைக் கொண்டுவந்தது இந்தக் கூட்டத்துக்காகத்தான். கையில் 500 சிசி என்ஜின் இருந்தும் அதைத் தொடாமல் புதிதாக 411 சிசி செய்தார்கள். 78 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். நீள ஸ்ட்ரோக் என்றால் சுற்று குறைவாக இருக்கும்போதே இழுவை கிடைக்கும். 4,000 சுற்றைத் தாண்டியதுமே 32 நியூட்டன் மீட்டர் முழுசாகக் கையில் இருக்கும். குதிரைசக்தி வெறும் 24.5. பேப்பரில் பார்த்தால் சிரிப்பு வரும்.

கொண்டை ஊசியில் பாதி திரும்பியிருக்கும்போது மேலிருந்து பஸ் இறங்குகிறது என்று வையுங்கள். இடது காலை ஊன்றி நின்று, மறுபடி அரை கிளட்ச்சில் ஏற வேண்டும். அந்த இடத்தில் கேட்பது ஹிமாலயனின் 800 மில்லிமீட்டர் சீட் உயரமும் அடிமட்ட இழுவையும்தான். 145 குதிரைகளை அங்கே எந்த லாயத்தில் கட்டுவது?

முதல் ஹிமாலயன்களில் கார்புரேட்டர் இருந்தது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, பெட்ரோல் கலவை தடித்துப்போகும். 2017-ல் இஞ்செக்‌ஷன் வந்து அந்தக் குறை தீர்ந்தது. தீராத குறை நாலுவழிச் சாலையில்தான். திண்டுக்கல் பைபாஸ் ஏறி நூறைத் தாண்டினால் 411-க்கு மூச்சு வாங்கும். இதற்காகவே 2023-ல் 452 சிசியில் ஹிமாலயன் 450 வந்தது. அந்தக் கம்பெனியின் முதல் லிக்விட் கூலிங் என்ஜின். 40 குதிரைசக்தி, 196 கிலோ. அடிமட்ட இழுவை பழையதில்தான் அதிகம் என்று சாதிக்கிறவர்கள் இன்னும் உண்டு. அதில் பாதி உண்மை, பாதி பாசம்.

பெரிய வண்டி வீண் என்று சொல்ல வரவில்லை. பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி, ஒரே நாளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி என்றால் அதுதான் வண்டி. சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி ஏறுகிறவருக்கு 452 தாராளம். 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசிக்கு மேல் எல்லாவற்றுக்கும் 40 சதவீத ஜிஎஸ்டி என்பதால் அந்த வரியில் இரண்டும் ஒரே பந்தி. விலையில் அப்படியல்ல: அறிமுகமானபோது ஹிமாலயன் 450 ரூ.2.69 லட்சம், ஆர் 1300 ஜிஎஸ் ரூ.20.95 லட்சம்.