மண்ணுக்குரிய கடன்

சிறுநீர் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிப்பதே நாகரிகம் என்று நாம் பழகிவிட்டோம். உழவின் வரலாற்றைப் புரட்டினாலோ, அது சேமித்து வைக்கப்பட்டு, விலைபேசி விற்கப்பட்ட பசளையாகக் காட்சி தருகிறது. அதனைப் பயிருக்கு இடும் அறிவை மனிதகுலம் எவ்வாறு பெற்றது, எவ்வாறு கைவிட்டது என்று ஆராய்வது சமுதாய வரலாற்றின் ஒரு பக்கத்தையே ஆராய்வதாகும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்னும் உரோம வேளாண்மை ஆசிரியர், மனிதச் சிறுநீரை ஆறு மாதம் பழசாகும்படி வைத்திருந்து, திராட்சைக்கும் கனிமரங்களுக்கும் இட்டால் விளைவு பெருகும் என எழுதிவைத்தார். ஆறு மாதம் என்ற கணக்கை வாசகர் நினைவிலிருத்துவாராக.

தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் (1603-1868) யப்பானின் ஒசாக்கா நகரிலே கழிவும் சொத்தாக விளங்கியது. வாடகை வீட்டின் மலம் வீட்டுச் சொந்தக்காரனுக்கு உரியது. சிறுநீர் குடியிருப்போனுக்கு உரியது. சுற்றுப்புறக் கிராமத்தார் அவற்றை விலைகொடுத்துப் பெற்று வயலுக்குக் கொண்டுசென்றனர். எப்பகுதியில் எவர் சேகரிப்பது என்பது பற்றி 1724இல் கிராமங்களிடையே பிணக்கே மூண்டது. நகரம் உண்டது மண்ணுக்கு மீண்டது. எனினும் இதனைப் பொற்காலமெனப் போற்றுவதற்கில்லை. மதிப்புக் கூடிய மலம் உடையவனுக்கும், மதிப்புக் குறைந்த சிறுநீர் இல்லாதவனுக்கும் என வகுத்த அச்சமுதாயத்தில் கழிவிலும் வர்க்கம் இருந்தது.

இலண்டனின் கதை வேறு. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு நதியின் நாற்றம் பாராளுமன்றத்தையே திணறடித்தது. பசல்கெற் என்னும் பொறியியலாளர் அமைத்த பெருங்கால்வாய்கள் கழிவை நகரின் கிழக்கே கொண்டுபோய் நதியில் விட்டன. நோய் தணிந்தது, அது பெரும் நன்மையே. ஆனால் வயலுக்குரிய சத்துக் கடலுக்குப் போயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்து, பெரு நாட்டின் சிஞ்சாத் தீவுகளிலிருந்து குவானோ என்னும் பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்தது. அதனை வெட்டியோருட் பலர், சீனத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டு அடிமைகள்போல் வதைபட்டவர்கள். இந்த விரயத்தை ஜேர்மன் இரசாயன அறிஞர் லீபிக் கண்டித்தார். அவரைக் கற்ற கார்ல் மாக்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், முதலாளித்துவ உற்பத்தி மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைக் குலைப்பதை எடுத்துக்காட்டினார்.

1828இல் வோலர் என்பார் யூரியாவை ஆய்வுகூடத்திலே ஆக்கிக்காட்டினார். காற்றின் நைதரசனைக் கொண்டு அமோனியா செய்யும் ஆலை 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் இயங்கத் தொடங்கியது. இன்று மூடையில் வரும் யூரியாவும் நம் உடல் நாடோறும் வெளியேற்றும் யூரியாவும் ஒரே பொருள்தான். ஆயினும் நாம் மூடையையே நம்பி நிற்கிறோம். 2021 மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி ஆயத்தமின்றித் தடைசெய்யப்பட்டு, நவம்பரிலே தடை கைவிடப்பட்டபோது, நட்டத்தைச் சுமந்தவன் உழவனே. நாட்டின் நெல்வயல்களுக்கெல்லாம் சிறுநீர் ஈடாகும் என நாம் வாதிடவில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு அது உறுதுணையாகும்.

அதற்கு விதிகள் உண்டு. பல வீட்டாரின் சிறுநீரைச் சேர்த்து எல்லாப் பயிர்க்கும் இடுவதாயின், 20 பாகை வெப்பநிலையில் ஆறு மாதமேனும் வைத்திருக்கவேண்டும் என உலக சுகாதார தாபனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. கொலுமெல்லாவின் கணக்கும் இதுவே. காரணத்தை விஞ்ஞானம் பின்னர் தந்தது: யூரியா அமோனியாவாக மாறக் காரத்தன்மை ஏறிக் கிருமிகளைக் கொல்கிறது. அமோனியா வெளியேறாதிருக்கக் கலனை இறுக மூடவேண்டும். ஒரு குடும்பம் தன் சிறுநீரைத் தன் தேவைக்கான பயிருக்கே இடின் இத்துணைக் காலம் வேண்டியதில்லை. ஆயினும் கடைசியாக இட்டபின் ஒரு மாதம் கழித்தே அறுவடை செய்யவேண்டும். மலம் சிறிதும் கலத்தலாகாது. பன்மடங்கு நீர் கலந்து, இலையிற் படாமல் மண்ணில் ஊற்றி மூடவேண்டும். உப்பேறிய நிலத்துக்கு இது ஆகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

எஞ்சியிருப்பது ஒரு வினா: சுமப்பவர் யார்? அந்நியராட்சியிலே நம் நகரங்களில் வாளிக் கழிவைச் சுமக்கும் வேலை, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள்மீது சுமத்தப்பட்டது. இந்தியாவில் மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் இருமுறை சட்டம் இயற்றவேண்டியிருந்தது. கழிவைக் கண்டு சுளித்த முகம், அதைச் சுமந்தவனைக் கண்டும் சுளித்தது. ஆகவே பாடசாலைத் தோட்டத்தில் இம்முயற்சியைத் தொடங்குவோமாயின், ஆறு மாத விதியோடு இன்னொரு விதியும் வேண்டும்: கலனைச் சுமக்கும் முறை ஆசிரியர், மாணவர் அனைவர்க்கும் சமமாக வருதல். சுமையை மீண்டும் ஒரு சாதியின் தோளில் ஏற்றுவோமாயின், மண்ணின் கடனைத் தீர்க்கப்போய் மனிதர்க்குரிய கடனைப் பெருக்கியவராவோம்.