திறக்காத பழைய கணினி: கடைக்குக் கொண்டு போகும் முன் பார்க்க வேண்டியவை

செர்டாங் – வீட்டு மூலையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உழைத்த கணினி ஒரு நாள் திடீரென அணைந்து, மீண்டும் திறக்க மறுக்கிறது. உடனே கடையில் கொடுத்து ‘பார்மட்’ செய்யச் சொல்கிறோம், அல்லது பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறோம். இரண்டிலும் உள்ளே இருக்கும் கோப்புகள் போய்விடக்கூடும். தோட்டத்தை விட்டு வெளியேறும் முன் எடுத்த லயத்து வீட்டுப் படங்கள், கோயில் திருவிழா வரவு செலவு, பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள் ஆகியவை பல குடும்பங்களில் அந்த ஒரு பெட்டியில் மட்டுமே இருக்கின்றன.

கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனித்தால் பழுதின் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விளக்கும் இல்லை, காற்றாடியும் சுற்றவில்லை

முதலில் சுவர் பிளக்கில் வேறு ஒரு பொருளைச் செருகிப் பாருங்கள். நம் மூன்று முனை பிளக்கின் உள்ளே சிறிய ஃபியூஸ் இருக்கிறது, அது எரிந்திருக்கலாம். மேசைக் கணினிக்கும் திரைக்கும் பெரும்பாலும் ஒரே வகை மின்கம்பிதான். இரண்டையும் மாற்றிச் செருகினால் கம்பியில் கோளாறா என்பது நொடியில் தெரியும்.

அதன் பிறகும் அசைவில்லை என்றால் மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளை பெட்டியின் மீது சந்தேகம் வைக்கலாம். பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்னால் 115, 230 என்று குறித்த சிவப்பு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டுக்கு 230-இல் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அதைப் பழுது பார்ப்பதைவிட முழுதாக மாற்றுவதே நல்லது.

காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

திரையின் கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு ரேம் பக்கம் போங்கள். பழைய கணினிகளில் அடிக்கடி தொல்லை தருவது இதுதான். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் தொடுமுனைகளில் அழுக்குப் படியும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். திறக்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, ‘டிக்’ என்று பிடிக்கும் வரை மீண்டும் அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள். திறக்கும்போது ‘பீப்’ ஒலி கேட்டால் எத்தனை முறை என்று எண்ணி வையுங்கள். கடைக்காரருக்கு அது பெரிய துப்பு.

தேதி பின்னோக்கிப் போய்விட்டதா?

ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் மாறிக் கிடந்தால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அது சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி. சில வெள்ளிக்குக் கிடைக்கும். அது தீரும்போது கணினியின் அடிப்படை அமைப்புகளும் அழிந்துவிடலாம். எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பது தெரியாமல் கணினி நின்றுவிடும். பேட்டரியை மாற்றிய பின் அந்த அமைப்புகளையும் சரிசெய்ய வேண்டும்.

சற்று நேரம் ஓடி அணைகிறது

இது பெரும்பாலும் சூடு. காற்றாடியில் தூசி, பூச்சிக்கூடு, சில வேளை செத்த பல்லி கூட இருக்கும். வெளியே கொண்டு போய், காற்றாடியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையே பூசிய பசை பல ஆண்டுகளில் காய்ந்துவிடும். அதைப் புதிதாகப் பூச வேண்டும். மதர்போர்டில் உள்ள சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தால் மின்தேக்கிகள் கெட்டுவிட்டன. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த பல கணினிகளை இந்தக் கோளாறுதான் சாய்த்தது.

விண்டோஸ் வரை வந்து நிற்கிறது

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை திறந்து பார்ப்பதும் மிச்சமிருக்கும் கோப்புகளையும் கெடுக்கும். அந்த நிலையில் தரவு மீட்பு தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஒலி ஏதும் இல்லையென்றால் பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 10 இரண்டு மூன்று முறை தொடர்ந்து திறக்கத் தவறினால் பழுதுநீக்கும் திரையைத் தானே காட்டும். அங்கே ‘சேஃப் மோட்’ வழியாக நுழைய முடிந்தால், வேறு எதையும் தொடும் முன் கோப்புகளை நகலெடுங்கள். முடியாவிட்டால் வட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் மூலம் வேறொரு கணினியில் பொருத்திப் படிக்கலாம்.

பழைய தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு கவனம். யுனிகோட் பரவும் முன் நாம் தட்டச்சு செய்தவை அந்தந்த எழுத்துருவுக்கே உரிய குறியீட்டில் இருக்கும். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவற்றில் அன்று எழுதிய கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத் தெரியும். அவை கெட்டுவிட்டன என்று அழித்துவிடாதீர்கள். பழைய கணினியில் உள்ள எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுங்கள். பின்னர் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது

“என்னைக் கேட்காமல் பார்மட் செய்ய வேண்டாம்” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எந்தப் பாகம் கெட்டது, எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் திரும்பக் கேளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. பாகங்கள் நன்றாக இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, எழுதவும் படிக்கவும் இன்னும் சில காலம் பயன்படுத்தலாம்.

அடுத்த பழுதைத் தவிர்க்க, இடி முழங்கும்போது மின்பிளக்கை மட்டுமல்ல, இணையக் கம்பியையும் பிடுங்குங்கள். மின்னலின் வேகம் அந்த வழியாகவும் வரும்.

இனி உதவாது என்று முடிவானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பெட்டி போனாலும் படங்கள் வீட்டில் இருக்கட்டும்.