சேஜ்பிரஷ் கிளர்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மாநிலங்களில் கூட்டரசின் உடைமையாயுள்ள பொது நிலங்களை மாநிலங்களிடம் ஒப்படைக்கக் கோரி 1970களின் இறுதியில் எழுந்த அரசியல் இயக்கம். அப்பகுதியின் வறள்நிலப் புதர்ச்செடியால் பெயர்பெற்றது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 28 விழுக்காடு, சுமார் 64 கோடி ஏக்கர், கூட்டரசுக்கு உரியது. நெவாடாவில் இப்பங்கு சுமார் 80 விழுக்காடு.

எஞ்சிய பொது நிலங்களைப் பொதுவாகக் கூட்டரசே வைத்துக்கொள்ளும் என்று 1976ஆம் ஆண்டின் கூட்டரசு நிலக்கொள்கை மேலாண்மைச் சட்டம் அறிவித்ததே உடனடிக் காரணம். மேய்ச்சல், சுரங்க உரிமக் கட்டுப்பாடுகளால் பண்ணையாளரிடம் முன்பே மனக்கசப்பு இருந்தது. 1979இல் நெவாடா சட்டமன்றம் இந்நிலங்களுக்கு உரிமை கோரிச் சட்டம் இயற்றியது. பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ரொனால்ட் ரேகன் இயக்கத்தை ஆதரித்தார். எனினும் நிலம் பெருமளவில் கைமாறவில்லை.

பழைய மாநிலங்களுக்குச் சமமான தகுதியோடு சேர்க்கப்பட்டதால் நிலவுரிமையும் தமதே என்பது மாநிலங்களின் வாதம். சட்டப்படி இது வலுவற்றது: ஒன்றியத்தில் சேர்ந்தபோதே மேற்கு மாநிலங்கள் இவ்வுரிமையைத் துறந்துள்ளன, அரசமைப்பின் 4ஆம் உறுப்பு கூட்டரசு உடைமைகள் மீதான அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கே அளிக்கிறது. உச்ச நீதிமன்றம் 1976இல் கிளெப்பி எதிர் நியூ மெக்சிகோ வழக்கில் இவ்வதிகாரத்தை விரிவாக உறுதிசெய்தது.

யூட்டா 2012இல் நிலமாற்றச் சட்டம் இயற்றிக் கோரிக்கையைப் புதுப்பித்தது. 1.85 கோடி ஏக்கர் குறித்து அது நேரடியாகத் தொடுக்க முனைந்த வழக்கை ஏற்க உச்ச நீதிமன்றம் 2025 சனவரியில் மறுத்தது.