மறுபடி பிறந்தும் மாறாத பொறப்பு

"ஆதாமும் ஏவாளும் பழத்தத் தின்னாங்க, பாவம் நம்ம தலையில விடிஞ்சுது." சேரிக் கிழவிகள் சிரித்துக்கொண்டே இப்படிச் சொல்வார்கள். கோயில்ல சாமியார் ஒரு மணிநேரம் சொல்றதும் இதுதான். ராஜா வீட்டுப் பிள்ளையும் தோட்டி வீட்டுப் பிள்ளையும் ஒரே பாவத்தில்தான் பிறக்கின்றன. ஜென்ம பாவம் மனிதரை இழிவுபடுத்துகிற கொள்கை என்று படித்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நம்ம பக்கமிருந்து பார்த்தால் விஷயம் வேறு. கர்மவினை ஆளுக்கொரு கணக்கு வைத்து, உன் பொறப்பு மட்டும் தீட்டு என்கிறது. ஜென்ம பாவமோ எல்லார் பொறப்பும் அழுக்குத்தான் என்கிறது. அதற்கு மேல், அந்தப் பொறப்பை விட்டு மறுபடியும் பிறக்கலாம் என்றும் சொல்கிறது. சேரிக்கு இது சின்னச் செய்தியா?

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்த பலரும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்திமார்க்கத்தில் வளர்ந்தவர்கள். அந்த மார்க்கத்துக்கு உயிர்நாடியே மறுபிறப்புதான். சும்மா தண்ணீர் தெளித்தால் போதாது, உள்ளுக்குள் ஆள் புதிதாகப் பிறக்க வேண்டும் என்பார்கள். ஆனால் அவர்களுடைய சபையிலேயே சூத்திரக் கிறித்தவர்கள் ஒருபுறம், பறையர் கிறித்தவர்கள் மறுபுறம் உட்கார்ந்தார்கள்.

ராஜநாயக்கன் பறையர். தஞ்சாவூர் அரசரின் படையில் இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களைத் தானே வாசித்துத்தான் லுத்தரன் சபைக்கு வந்தார். 1720களின் கடைசியில் உபதேசியார் ஆனார். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டன்ட் குரு அவர்தான், வெள்ளாளர். ராஜநாயக்கன் தகுதியானவர் என்பதில் மிஷனரிகளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் கையால் இராப்போஜனம் கொடுத்தால் மேல்சாதிக் கிறித்தவர்களுக்கு அந்தச் சடங்கின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடும் என்று தயங்கினார்கள். பட்டம் கொடுக்கவேயில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்து 1771இல் இறந்தபோதும் அவர் உபதேசியார்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லுத்தரன்களின் அடிப்படை ஆவணம் 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. அதன் இரண்டாம் பிரிவு எல்லாரும் பாவத்தோடு பிறப்பதைப் பேசுகிறது. எட்டாம் பிரிவு, கொடுக்கிறவர் கெட்டவராகவே இருந்தாலும் திருவருட்சாதனம் செல்லும் என்கிறது. அதாவது அயோக்கியன் கையால் வாங்கினாலும் அப்பம் அப்பம்தான். நல்லவரான பறையர் கையால் வாங்கினால்தான் கெட்டுப்போகுமாம்! ஜெர்மனியில் எழுதிய எந்த வேதசாஸ்திரத்திலும் இந்தப் பாவத்துக்குப் பெயர் கிடையாது. காவேரிக்கரையில் கற்றுக்கொண்டது.

நூறு வருஷம் போனது. தஞ்சாவூர், வேப்பேரி சபைகள் ஆங்கிலிக்கன் கைக்கு வந்திருந்தன. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, அறவே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளாளக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஞானஸ்நானத்தில் சாத்தானை விடச் சொன்னபோது யாரும் எழுந்து போகவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும் புலவரே சாதியை விடச் சொல்வதை எதிர்த்து எழுதினார். அவருடைய கீர்த்தனைகளைச் சேரிச் சபைகளிலும் இன்றுவரை உருகிப் பாடுகிறோம்.

வெளியேறியவர்களில் பலர், 1840களில் வந்த லைப்சிக் மிஷனில் சேர்ந்துகொண்டார்கள். சாதி சமூக வழக்கம், அதுவே பாவமாகிவிடாது என்பது அந்த மிஷனின் நிலைப்பாடு.