காற்பந்து அரங்கில் காவல்

மக்கள் பெருந்திரளாகக் கூடும் இடத்தில் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் காவல் என்பது யாது? கூட்டத்தைக் காப்பதா? அன்றிக் கூட்டத்தைப் பகையெனக் கொண்டு அடக்குவதா? இவ்வினாவுக்கு அதிகாரிகள் அளித்த விடைக்கேற்பக் காற்பந்து அரங்குகளில் உயிர்கள் பிழைத்தும் இருக்கின்றன, மடிந்தும் இருக்கின்றன. கடந்த நூறாண்டு வரலாற்றிலிருந்து சிலவற்றைக் காண்போம்.

1923ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், இலண்டனில் புதிதாகக் கட்டப்பட்ட வெம்பிளி அரங்கில் முதல் போட்டி நடைபெற்றது. போல்டன் வாண்டரர்ஸ் குழுவும் வெஸ்ட் ஹாம் குழுவும் இங்கிலாந்துக் கிண்ணத்துக்கு மோதின. சீட்டுகளை முன்கூட்டி விற்று எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் ஏற்பாடு இல்லை. அரங்கில் ஏறத்தாழ 1,25,000 பேருக்கே இடமிருக்க, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்திருக்கலாம் என்பர். நெரிசல் தாங்காது மக்கள் ஆட்டத்திடலுக்குள் வழிந்தனர். ஜார்ஜ் ஸ்கோரி என்ற குதிரைப்படைக் காவலர் பில்லி என்னும் தம் குதிரை மீதமர்ந்து, கூட்டத்தைச் சிறிது சிறிதாகக் கோட்டுக்கு அப்பால் ஒதுக்கினார். பிற காவலரும் துணை நின்றனர். ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதித்துத் தொடங்கியது. பலர் காயமுற்றனர், எனினும் ஒருவரும் மாளவில்லை. திடல் திறந்திருந்ததும் காவலர் பொறுமை காத்ததுமே அன்று மக்களைக் காத்தன.

இதற்கு நேர்மாறானது பெரு நாட்டின் தலைநகரான லீமாவில் நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் அர்ஜென்டினா ஒரு கோல் முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியுந் தறுவாயில் பெரு அடித்த கோலை நடுவர் செல்லாதென்றார். சினங்கொண்ட இருவர் திடலுக்குள் ஓடினர். ஓடியவர் இருவர், ஆனால் போலீசாரோ பார்வையாளர் நிறைந்த பகுதியின் மீதே கண்ணீர்ப் புகைக் குண்டுகளை வீசினர். கண்ணெரிந்து மூச்சுத் திணறிய மக்கள் படிக்கட்டுகளில் இறங்கி ஓடினர். அடியிலிருந்த இரும்புக் கதவுகள் மூடிக்கிடந்தன. முன்னே கதவு, பின்னே கூட்டம். அரசாங்கக் கணக்கின்படி 328 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் மூச்சடைத்தே இறந்தவர்.

இங்கிலாந்தும் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1970களில் ரசிகர்களின் அடிதடி மிகுந்ததால், திடலைச் சுற்றி உயர்ந்த வேலிகள் எழுந்தன. 1985ஆம் ஆண்டு மே மாதம் பிராட்போர்டு அரங்கின் மரக்கூடம் தீப்பற்றி எரிந்தபோது 56 பேர் மாண்டனர். பின்வாயில்கள் பல பூட்டிக்கிடந்தன. ஆயினும் அக்கூடத்தின் முன்னே வேலி இல்லாமையால் ஏராளமானோர் திடலுக்குள் குதித்து உயிர் தப்பினர். நான்காண்டுகள் கழித்து, 1989 ஏப்ரல் 15இல், ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் வேலி இருந்தது. நிரம்பி வழிந்த பகுதிக்குள் மேலும் மக்கள் விடப்பட, வேலியோடு நெரிந்து 97 பேர் உயிரிழந்தனர். பழி முதலில் ரசிகர்கள் மேல் சுமத்தப்பட்டது. 27 ஆண்டுகளுக்குப் பின், 2016இல் விசாரணை நடுவர் குழு ரசிகர்கள் மீது குற்றமில்லை என்றும், மரணங்கள் சட்டவிரோதக் கொலைகளே என்றும் தீர்ப்பளித்தது.

அவ்வாறாயின் கூட்டத்தில் தீயோர் இல்லையா எனின், உண்டு. ‘பிளேர்’ எனப்படும் தீச்சுடரை நோக்குக. ஆபத்துக்குள்ளான கப்பல் தன் இருப்பிடத்தைக் காட்டக் கொளுத்துவது அது. அதன் வெப்பம் 1,000 பாகை செல்சியசையும் கடக்கும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பொருள்களைக் காற்பந்து அரங்கினுள் கொண்டு செல்வதைப் பிரிட்டனில் குற்றமாக்கியது. ஆயினும் 1993 நவம்பரில் கார்டிப் நகரில் வேல்ஸ், ருமேனியா குழுக்கள் ஆடியபோது, எதிர்ப்புறத்திலிருந்து எய்யப்பட்ட கப்பல் வாணம் ஒன்று பாய்ந்து முதியவர் ஒருவர் மாண்டார். சட்டம் ஏட்டில் இருந்தது. வாணமோ வாயிலைக் கடந்துவிட்டது.

நம் நாட்டிலும் இவ்விழுக்கு நேர்ந்துள்ளது. 2015 செப்டம்பரில் மலேசியக் குழு ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 10க்குச் சுழி என்ற கணக்கில் தோற்றது. ஐந்து நாள் கழித்து ஷா ஆலாமில் சவூதி அரேபியாவுடன் ஆடுகையில், கொதிப்படைந்த ரசிகர் சிலர் தீச்சுடர்களையும் புகைக் குண்டுகளையும் திடலில் எறிந்தனர். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் நிறுத்தப்பட்டது. பின்னர் உலகக் காற்பந்துச் சங்கம் சவூதிக்கு 3க்குச் சுழி என வெற்றியளித்தது. எறிந்தவர் சிலர், தண்டனையோ நாட்டின் குழுவுக்கு.

அண்டை நாடான இந்தோனேசியாவின் துயரம் இதனினும் கொடிது. 2022 அக்டோபர் முதல் நாள், மாலாங் வட்டாரத்துக் கஞ்சுருஹான் அரங்கில், உள்ளூர்க் குழுவான அரேமா தோற்றதும் ரசிகர்கள் திடலில் இறங்கினர். போலீசார் இருக்கைகளில் இருந்தோர் மீதும் கண்ணீர்ப் புகை வீசினர். குறுகிய வாயில்களில் மக்கள் நசுங்கினர். 135 பேர் மாண்டனர். அரங்கினுள் இத்தகைய புகை கூடாதென உலகக் காற்பந்துச் சங்கத்தின் விதி முன்னரே தடுத்திருந்தது. லீமாவுக்கும் மாலாங்குக்கும் இடையே 58 ஆண்டுகள். அதே புகை, அதே வாயில், அதே சாவு.

இவற்றால் அறியக் கிடப்பது யாது? தீச்சுடர் ஏந்துவோனை வாயிற் சோதனையிலேயே பிடிக்க வேண்டும். உள்ளே புகுந்துவிட்டால் அவனைத் தனியே இனங்கண்டு சட்டத்தின்முன் நிறுத்த வேண்டும். அவன் ஒருவனுக்காக அருகிருக்கும் ஆயிரம் பேர் மீது புகை வீசுவது காவலாகாது. காவலர் இலத்தியைத் தேடுமுன் கதவுகளின் சாவியைத் தேட வேண்டும். பிள்ளையை அழைத்துக்கொண்டு ஆட்டம் காணச் செல்லும் தந்தை, வந்த வழியே அவனோடு வீடு திரும்புவதே காவலின் பயன்.