உரைகல்லில் ஒரு ஜாதிக்காய்

போன ஆனிச் சாரலுக்கு வந்திருந்த பேத்தி, என் அடுக்களையில் கீஷ் சுட்டாள். பிரான்சின் லொரேன் பக்கத்துப் பண்டம். முன்காலத்தில் ரொட்டி மாவிலேயே செய்தார்களாம். இவள் மைதாவில் குளிர்ந்த வெண்ணெயை உதிர்த்துப் பிசறி, தண்ணீர் தெளித்துத் திரட்டி, தட்டில் விளிம்பு வைத்து அப்பினாள். அதை வெறுமனே கால் மணி நேரம் சுட்டு எடுத்தாள். பாவூர்சத்திரம் சந்தைச் சின்ன வெங்காயத்தை வதக்கிப் பரப்பினாள். 3 முட்டையைப் பாலோடும் பாலாடையோடும் அடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஆச்சி, ஜாதிக்காய் இருக்கா?"

இருந்தது. அஞ்சறைப் பெட்டியில் இல்லை, உரைமருந்துப் பெட்டியில். வசம்பு, மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றோடு கிடந்தது. அவள் அக்கா பிள்ளைக்காகக் குற்றாலத்தில் வாங்கியது. குளிப்பாட்டிய பிள்ளைக்குத் தாய்ப்பாலில் இரண்டு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவோம். அதற்கு மேல் அதற்கு எங்கள் வீட்டில் வேலை கிடையாது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். அந்தக் காயைக் கையில் எடுத்தால் சும்மா கொடுக்க வராது.

தாம்பூலத்தோடு மெல்லும் ஐந்து வாசப் பொருள்களில் ஒன்றாகத் தமிழர் ஜாதிக்காயைப் பழங்காலத்திலேயே அறிவார்கள். ஆனால் காயைத்தான் தெரியும், மரத்தைத் தெரியாது. மரம் நின்றது கிழக்குக் கடலில், பாண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்தில். 1621இல் டச்சுக் கம்பெனி அந்தத் தீவுகளைப் பிடித்தபோது, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோர் செத்தார்கள், அடிமைகளானார்கள், அல்லது ஓடிப்போனார்கள். ஒரு வாசனைக் காய்க்காக.

1796இல் ஆங்கிலேயர் பாண்டாவையும் கிராம்பு விளைந்த அம்போனையும் கைப்பற்றினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் அந்தப் பக்கத் தீவுகளில் கன்றுகளைத் திரட்டிக் கப்பலேற்றினார். 1802 ஆமியென் ஒப்பந்தப்படி தீவுகள் மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போயின. கன்றுகள் போகவில்லை.

1800 வாக்கில் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. ஜாதிக்காயும் கிராம்பும் அங்கே வேர்விட்டன. ஏன் குற்றாலம்? ஆனி, ஆடியில் திருநெல்வேலிச் சீமை வெயிலில் காயும்போது, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இங்கே மட்டும் இறங்கும். நிழல், ஓயாத ஈரம், தண்ணீர் தேங்காத மலைச்சரிவு. தீவில் பிறந்த மரத்துக்கு வேறென்ன வேண்டும்? இந்தியாவில் கிராம்பு விளைச்சலின் கதை இந்தத் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1850க்குப் பிறகு அது நீலகிரிக்கும், கன்னியாகுமரி மலைகளுக்கும், தென்கேரளத்துக்கும் பரவியது.

ஜாதிக்காய் மரம் பொறுமையைச் சோதிக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஏழெட்டு வருஷம் வளர்த்துப் பூத்த பிறகுதான் எது எதுவென்று தெரியும். மஞ்சள் பழம் தானாக வெடிக்கும். உள்ளே கறுத்த கொட்டையை ரத்தச் சிவப்பு வலையாகச் சுற்றியிருப்பது ஜாதிபத்திரி. இரண்டையும் எடுத்துக்கொண்டு, மிஞ்சும் தோலில் ஊறுகாய் போடுவார்கள்.

வெள்ளைக்காரன் அதைப் பாலும் முட்டையும் சேர்ந்த பண்டங்களில் துருவினான். முட்டைக் கவிச்சி அடங்கும். நாம் அதைப் பிள்ளை வயிற்றுக்கு மருந்தாக வைத்துக்கொண்டோம். மரம் பக்கத்திலேயே வந்து இருநூறு வருஷமாகியும் என் வீட்டுக் காய் பெட்டி மாறவில்லை.

"சின்னத் துருவல் இல்லையே ஆச்சி" என்றாள்.

உரைகல்லைக் கழுவினேன். தேக்கரண்டிப் பால் விட்டு, பிள்ளைக்கு இழைக்கிற மாதிரியே இரண்டு இழைப்பு. விரலால் வழித்து முட்டைக் கலவையில் விட்டேன். 180 டிகிரியில் அரை மணிக்கு மேல் வெந்து, நடுவில் லேசாகத் தளதளவென்று ஆடியபோது எடுத்தாள். வாசம் திண்ணைவரை போனது.

கொள்ளுப்பேரன் தொட்டிலிலிருந்து எழுந்து உதட்டைப் பிதுக்கினான். மருந்து வருகிறதென்று நினைத்திருப்பான்.